தோமையாரை வெளியே நிறுத்தாதீர்

நம் கடற்கரைப் பங்குகளுள் ஒன்றில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தாய்க்கு நெடுங்காலமாய்ச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர். வெளியூரிலிருந்து வந்த செபக்குழு ஒன்று அவ்வூரில் மூன்று நாள் கூட்டம் நடத்திற்று. மூன்றாம் நாள் இரவு அந்த அம்மையார் மேடையேறி, தாம் முற்றும் குணமடைந்துவிட்டதாகச் சாட்சி பகர்ந்தார். மறுநாளே ஊசியை நிறுத்திவிட்டார். இளைய மகன் மட்டும், இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபின் நிறுத்தலாமே என்றான். கூட்டத்தை நடத்தியோர் அவனை அழைத்து, அவன் ஒரு சந்தேகத் தோமையன் என்றும், அவனுடைய அவிசுவாசமே தாய் பெற்ற குணத்தைப் பறித்துவிடும் என்றும் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டனர். அன்பியக் கூட்டத்தில் அவனோடு பேசுவோர் குறைந்தனர். சில மாதங்கள் கழிந்தன. அத்தாய் ஒரு காலை இழந்தார். மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

செபத்தின்மேல் நமக்கு வழக்கில்லை. இறைவன் குணப்படுத்துகிறார் என்பதை நாம் மறுக்கவுமில்லை; மறுப்பின் நாம் கத்தோலிக்கர் அல்லர். நம் வழக்கெல்லாம் அந்த இளைஞன்மேல் வீசப்பட்ட ஒரு சொல்லின்மேல்தான். ஒரு காட்சியை, ஒரு குணத்தை, ஒரு புதுமையைப் பற்றிக் கேள்வி எழுப்புகிறவனை அவிசுவாசி என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. இவ்வழக்கம் பக்தியின் உடையை அணிந்து வருவதால் எவரும் அதனைத் தட்டிக்கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்: இதை எந்தத் திருச்சபையிடமிருந்து கற்றீர்கள்? தொடக்கத் திருச்சபையிடமிருந்து நிச்சயமாக இல்லை.

முதலில் ஐயுற்றவர் யார்?

உயிர்ப்பு ஞாயிறன்று காலை கல்லறையிலிருந்து திரும்பிய பெண்கள் சொன்ன செய்தியை முதலில் நம்ப மறுத்தவர்கள் பரிசேயரா? உரோமைப் படைவீரரா? திருத்தூதர்களே. அப்பெண்களின் பேச்சு அவர்களுக்கு வெறும் பிதற்றலாகத் தோன்றிற்று என்று லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார். பேதுரு எழுந்து ஓடிக் கல்லறைக்குள் குனிந்து பார்த்தார். நம்புவதற்கு முன் பார்க்க விரும்பிய அந்த ஓட்டத்தை நற்செய்தி குற்றமாகக் குறிக்கவில்லை. மத்தேயு நற்செய்தியின் இறுதியில், கலிலேயா மலைமேல் உயிர்த்த ஆண்டவரைக் கண்டு பணிந்த அந்த வேளையிலேயே சிலர் ஐயுற்றனர் என்ற செய்தி இருக்கிறது. ஒரு மதம் தன் தலைவர்களின் புகழ் பாட மட்டும் எழுதியிருந்தால் இவ்வரிகள் முதலில் நீக்கப்பட்டிருக்கும். அவை நீக்கப்படவில்லை. ஐயத்தை மறைக்காத சாட்சியே நம்பத்தக்க சாட்சி என்பதைத் தொடக்கத் திருச்சபை அறிந்திருந்தது.

தோமையாரின் நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம் என்று எண்ணுகிறோம். ஆனால் அதில் ஒரு செய்தியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆணிகளின் தழும்பைக் கண்டாலன்றி நம்பேன் என்று அவர் சொன்ன நாளுக்கும் ஆண்டவர் மீண்டும் தோன்றிய நாளுக்கும் இடையே எட்டு நாள்கள் கழிந்தன. அந்த எட்டு நாளும் தோமையார் எங்கே இருந்தார்? எட்டாம் நாள் சீடர்கள் மீண்டும் வீட்டினுள் கூடியிருந்தபோது தோமையாரும் அவர்களோடு இருந்தார் என்கிறார் யோவான். கண்ணால் கண்ட பத்துப் பேர், காணாத ஒருவரை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. உன் அவிசுவாசத்தால் எங்கள் மகிழ்ச்சி கெடுகிறது என்று சொல்லவில்லை. கதவு பூட்டியிருந்த அந்த வீட்டில் ஐயுற்றவருக்கும் ஓர் இடம் இருந்தது. அவ்விடம் இருந்ததனாலேயே அவர் ஆண்டவரைக் காண முடிந்தது. திருத்தந்தை பெரிய கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றிய மறையுரையில், நம்பிய சீடர்களின் விசுவாசத்தைக் காட்டிலும் தோமையாரின் ஐயமே நம் விசுவாசத்துக்கு அதிகமாய்ப் பயன்பட்டது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். சந்தேகத் தோமையன் என்பதை வசைச்சொல்லாக்கிய நாம் கிரகோரியாரைக் காட்டிலும் பக்திமான்களா?

திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்தாலும் இதுவே காட்சி. பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டியபோது, அவருக்காகச் செபித்துக்கொண்டிருந்த அதே கூட்டத்தார், செய்தி சொன்ன ரோதி என்ற பணிப்பெண்ணுக்குப் பித்துப்பிடித்துவிட்டது என்றனர். தமஸ்கு வழியில் சவுல் பெற்ற காட்சியை எருசலேம் சீடர்கள் எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் சீடரானதையே நம்பாமல் அஞ்சினர். பர்னபா அவரை அழைத்துச் சென்று, நடந்ததை எடுத்துரைத்த பின்னரே கதவு திறந்தது. உலகை உலுக்கிய மாபெரும் மனமாற்றம் அது. அதற்கே சான்றுரைக்க ஒருவர் தேவைப்பட்டார். நேற்றிரவு மேடையில் நிகழ்ந்ததற்கு மட்டும் எச்சான்றும் தேவையில்லையோ?

ஏளனம் வேறு, ஐயம் வேறு

பெந்தக்கோஸ்து நாளில் கூடிய மக்கள் இரு வகையினர். இதன் பொருள் என்ன என்று மனங்குழம்பி வினவியோர் ஒரு சாரார்; மது மயக்கம் என்று நகைத்தோர் மற்றொரு சாரார். முன்னவர் ஐயுற்றவர், பின்னவர் ஏளனம் செய்தவர். பேதுரு என்ன செய்தார்? ஏளனம் செய்தவரைச் சபிக்கவில்லை. காலை ஒன்பது மணிதானே ஆகிறது, இந்நேரத்தில் குடித்திருக்க முடியுமா என்று மிக எளிய ஒரு நியாயத்தை முதலில் எடுத்து வைத்தார். இறைவாக்கினர் யோவேலின் வாக்கு அதன்பின்தான் வருகிறது. தூய ஆவியார் இறங்கிய அந்த நாளில் திருச்சபை ஆற்றிய முதல் உரையே ஓர் ஐயத்துக்கு அளித்த மறுமொழிதான்.

செசரியாவில் உரோமை ஆளுநர் பெஸ்து, மிகுந்த கல்வி பவுலைப் பித்தனாக்கிவிட்டது என்று உரக்கச் சொன்னபோதும் இவ்வாறே நடந்தது. தாம் பித்தரல்லர், தாம் சொல்பவை உண்மையும் தெளிந்த அறிவும் சார்ந்தவை, இவை ஏதோ ஒரு மூலையில் நடந்தவையுமல்ல என்று அமைதியாக மறுமொழி கூறினார் பவுல். கொரிந்தியருக்கு எழுதும்போதும், உயிர்த்தவரைக் கண்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கின்றனர் என்று சேர்த்தெழுதினார். இதன் பொருள் என்ன? ஐயமிருப்பின் அவர்களைப் போய்க் கேளுங்கள் என்பதே. அதே பவுல், தாம் மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவத்தைச் சொல்ல நேர்ந்தபோது, தம் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுவும் பதினான்கு ஆண்டுகள் கழித்து. நம் மேடைகளில் பதினான்கு மணி நேரமாவது எவரேனும் காத்திருக்கின்றனரா?

ஆவியாரை அணைத்துவிடாதிருக்கவும், இறைவாக்கை இகழாதிருக்கவும், அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளவும் தெசலோனிக்கருக்குப் பவுல் ஒரே மூச்சில் அறிவுறுத்தினார். முதல் இரண்டையும் நாம் பதாகையில் எழுதுகிறோம், மூன்றாவதை விட்டுவிடுகிறோம். கொரிந்துச் சபையில் இறைவாக்குரைப்போர் இருவர் மூவர் பேசலாம், மற்றோர் அதனை ஆய்ந்து பார்க்கவேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஆய்வது அங்கே வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

திருத்தூதர் காலத்தை ஒட்டி எழுந்த டிடாக்கே என்னும் படிப்பினை நூல் இன்னும் நடைமுறையாகப் பேசுகிறது. ஆவியில் பேசுகிறவரை அவ்வேளையில் சோதிக்க முற்படவேண்டாம் என்று அது தடுப்பது உண்மை. ஆனால் ஆவியில் பேசுவோர் எல்லாரும் இறைவாக்கினர் அல்லர் என்று உடனே சேர்த்துக்கொள்கிறது. ஆண்டவருக்குரிய நடத்தை அவரிடம் உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. மூன்று நாள் தங்கிவிட்டாலோ, ஆவியின் பெயரால் தமக்கெனப் பணம் கேட்டாலோ அவர் போலி என்கிறது. இந்த அளவுகோலை நம் ஊர்ச் சுவரொட்டிகளில் காணும் பெயர்களுக்கு வைத்துப் பார்க்கும்படி வாசகரையே வேண்டுகிறோம்.

2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிகியா நாட்டில் மொந்தானுஸ் என்பவரும், பிரிஸ்கில்லா, மக்சிமில்லா என்னும் இரு பெண்களும் பரவசநிலையில் பேசி, தூய ஆவியாரே தங்கள் வாயால் உரைப்பதாகக் கூறினர். பெருங்கூட்டம் சேர்ந்தது. அண்டை நகரங்களின் ஆயர்கள் நேரில் சென்று, மக்சிமில்லாவிடம் பேசிய ஆவியை ஆய்ந்து பார்க்க முயன்றனர். அவ்வியக்கத்தார் அவர்களைப் பேசவிடாமல் தடுத்தனர் என்று வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் ஒரு பழைய நூலை ஆதாரமாகக் காட்டி எழுதுகிறார். சோதிக்க வந்தவர் திருச்சபையினர். சோதனையைத் தடுத்தவர் பின்னர்ப் பிரிந்து போனவர். நாம் இவ்விரு சாராரில் எவர் பக்கம் நிற்கிறோம்?

கெல்சுசின் பழியை மெய்யாக்குவதா?

ஏறத்தாழ கி.பி. 178இல் கெல்சுஸ் என்ற மெய்யியலார் கிறிஸ்தவத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். உயிர்ப்பைக் கண்டவர் யார்? வெறிபிடித்த ஒரு பெண்ணும், கனவோ ஆசையோ மயக்கிய வேறு சிலரும்தானே என்று அவர் இகழ்ந்தார். இதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டு ஒன்றும் அந்நூலில் இருந்தது. கிறிஸ்தவர்கள் காரணம் கேட்கவும் சொல்லவும் விரும்பாதவர்கள். ஆராயாமல் நம்பும்படி எளியவரை வற்புறுத்துகிறவர்கள் என்பது அது.

கெல்சுசின் நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. நமக்குத் தெரிந்த பகுதிகளைக் காப்பாற்றித் தந்தவர் ஒரு கிறிஸ்தவரே. ஏறத்தாழ 248இல் ஒரிஜன் அதற்கு எட்டுப் புத்தகங்களில் மறுமொழி எழுதினார். எதிரியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். பகற்பொழுதில், அறிவு பிறழாத பலர் கண்டதைக் கனவென்று தள்ளுவது பொருந்தாது என்று வாதிட்டார். ஆராய்ச்சி கிறிஸ்தவரிடையேயும் குறைவின்றி உண்டு. ஆயினும் வாழ்க்கைத் தேவைகளால் நெருக்குண்ட பெருந்திரளான மக்களுக்கு மெய்யியல் பயில ஓய்வில்லை. அவர்கள் காரணம் அறியாமல் நம்பினும் அவ்விசுவாசம் அவர்கள் வாழ்வைத் திருத்துகிறது என்று விளக்கினார். எளியோரின் விசுவாசத்தைத் தாங்கிப் பேசினாரே தவிர, ஆராய்வோரின் வாயை அடைக்க அவர் முயலவில்லை.

அன்று பகைவன் நம்மேல் சுமத்திய பழி, கிறிஸ்தவர் ஆராயவிடமாட்டார் என்பது. பெரும் அறிஞர் ஒருவர் எட்டுப் புத்தகம் எழுதி அப்பழியைத் துடைத்தார். இன்று ஒரு செபக்கூட்டத்தில், ஓர் அன்பியத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில், கேள்வி கேட்ட இளைஞனைப் பார்த்து ஆராயாமல் நம்பு என்று நாமே சொல்கிறோம். கெல்சுஸ் உயிர்த்தெழுந்து வந்தால் தம் நூலுக்கு நம்மையே சான்றாகக் காட்டுவார்.

இது மிகைக் கூற்று என்பீர்களாயின், 2012ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். மும்பையின் இர்லா பகுதியில் ஆலயமொன்றின் அருகிலிருந்த சிலுவையின் அடியில் நீர் சொட்டியது. மக்கள் அதைப் புதுமையாகக் கொண்டாடினர். கேரளத்தில் பிறந்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு அங்கே சென்று பார்த்து, அடைபட்ட கழிவுநீர்க் குழாயின் நீர் சுவரின் நுண்துளைகள் வழியே ஏறிச் சொட்டுகிறது என்றார். தொலைக்காட்சி விவாதங்களில் அவர் திருச்சபையைப் பற்றிக் கடுஞ்சொற்களும் கூறினார். அவை நம்மவர் பலரைப் புண்படுத்தியதை மறுக்கவில்லை. ஆனால் நம்மவரில் சிலர் அளித்த விடை என்ன? குழாயைத் திறந்து பாருங்கள் என்பதா? இல்லை. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295(அ) பிரிவின்கீழ்க் காவல் நிலையங்களில் முறையீடுகள். அவர் அதே ஆண்டு பின்லாந்து நாட்டுக்குச் சென்றுவிட்டார். ஒரிஜன் எட்டுப் புத்தகம் எழுதிய இடத்தில் நாம் முதல் தகவல் அறிக்கை எழுதினோம். ஏளனத்துக்கு மறுமொழி சொல்லப் பேதுருவுக்கு ஒரு நியாயம் போதுமாயிருந்தது. நமக்குக் காவலர் தேவைப்பட்டனர்.

நம் மண் கற்பித்த பாடம்

இப்பாடத்தைக் கற்க நாம் அலெக்சாந்திரியாவுக்கோ உரோமைக்கோ போகவேண்டியதில்லை. நம் குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் அரைப்பள்ளி என்னும் பழம்பெரும் ஆலயம் நிற்கிறது. தோமையார் நிறுவிய ஏழரைப் பள்ளிகளுள் அந்த அரை இதுவே என்பது மரபு. ஐயுற்ற திருத்தூதரையே தந்தையாகக் கொண்டாடும் மண் இது. ஆண்டுதோறும் ஜூலை 3ஆம் நாள் அவருக்கு விழா எடுத்துவிட்டு, மறுநாள் அவர் பெயரையே வசையாக வழங்குவது நன்றியா?

புனித சவேரியாரை எடுத்துக்கொள்வோம். 1544இல் வடகர் படை நம் நாட்டின்மேல் பாய்ந்தபோது, கோட்டாற்றருகே அவர் சிலுவையேந்தித் தனியே எதிர்நின்றார், படை பின்வாங்கிற்று என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டோம். அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் சொல்லும் நிகழ்ச்சி வேறு. குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் வடகருக்கு அஞ்சிக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிவதைக் கேட்டு, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று வலுத்தது, சேர முடியாமல் திரும்பினார். பின்னர்த் தரைவழியே நடந்து வந்து அம்மக்களின் அவலத்தைக் கண்டு நெஞ்சுருகினார். தோற்றுத் திரும்பிய பயணத்தையும் எழுதி வைத்த நேர்மை அவருடையது.

அவருக்கு எல்லா மொழிகளும் வரமாக அருளப்பட்டன என்றும் கேட்டிருக்கிறோம். 1622இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபின் 1623இல் வெளிவந்த திருத்தந்தையின் ஆணை மடலிலேயே அச்செய்தி இடம்பெற்றது. ஆனால் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், தம் தாய்மொழி பாஸ்கு, இம்மக்களின் மொழி தமிழ், ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள இயலவில்லை, இருமொழியும் அறிந்தோரைக் கூட்டிச் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தேன் என்ற பொருள்பட அவரே எழுதியிருக்கிறார். இம்முரணை மறைக்காமல் ஆராய்ந்து, மொழிவரக் கதைக்கு அவர் கடிதங்கள் இடந்தரவில்லை எனக் காட்டியவர் யார்? நாத்திகர் அல்லர், சவேரியாரின் வரலாற்றுக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட இயேசு சபைக் குரு சுர்ஹாமர். இதனால் சவேரியார் குறைந்துபோனாரா? மொழி தெரியாமல் தவித்து, மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தித் தெருத்தெருவாய் நடந்து, திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து தொண்டை கட்டிய மனிதர், மந்திரம்போல் மொழி பெற்றவரைவிட எவ்வளவு உயர்ந்தவர்! ஐயம் இங்கே ஒரு கதையை எடுத்துக்கொண்டு ஒரு புனிதரைத் திருப்பித் தந்தது.

புனித தேவசகாயமோ நம் வீட்டுப் பிள்ளை. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். புலியூர்க்குறிச்சிப் பாறையில் அவர் முட்டால் இடிக்க ஊற்றெடுத்த நீரையும், காற்றாடிமலையில் மணிபோல் ஒலிக்கும் பாறையையும் நம் மக்கள் பக்தியோடு போற்றுகின்றனர். நாமும் அங்கே சென்று வணங்கியவர்களே. ஆனால் திருச்சபை எதை ஆதாரமாகக் கொண்டது? 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டதற்கு அவருடைய மறைசாட்சியமே அடிப்படை. அதற்கு முக்கிய சான்றுகளுள் ஒன்று, அவர் இறந்த நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கை. அக்காலத்தில் திருத்தந்தையாயிருந்த 14ஆம் ஆசீர்வாதப்பரே, புனிதர் பட்டத்துக்குரிய புதுமைகளை எவ்வாறு ஐயத்தோடு அணுகிச் சோதிப்பது என்று பெருநூல் எழுதியவர் என்பதையும் நினைவில் கொள்வோம். 2013இல், தாய் வயிற்றில் உயிரசைவற்றதென மருத்துவர் கண்ட ஒரு குழந்தை தேவசகாயத்தின் பரிந்துரையால் பிழைத்ததாக எழுந்த செய்தியை மருத்துவரும் இறையியலாரும் ஆராய்ந்தனர். 2020 பிப்ரவரி 21இல்தான் திருத்தந்தை பிரான்சிசு அதனை ஏற்றார். 2022 மே 15இல் பட்டம் அளிக்கப்பட்டது.

அவர் கொல்லப்பட்டது விசுவாசத்துக்காகவா, அரசியல் குற்றத்துக்காகவா என்று வரலாற்றாசிரியர் சிலர் வினவியதுண்டு. நம்மவர் பலருக்குச் சினம் மூண்டது. சினத்தால் எந்த ஐயம் தீர்ந்தது? அதற்குரிய விடை 1756ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. ஆவணம் கையிலிருக்க, கூச்சல் எதற்கு?

சில மறுப்புகள்

காணாமல் நம்புவோரே பேறுபெற்றோர் என்று ஆண்டவர் தோமையாரிடம் சொன்னாரே என்பர். ஆம், சொன்னார். நமக்காகவே சொன்னார். ஆனால் நாம் எதைக் காணாமல் நம்புகிறோம்? கண்டு, கேட்டு, ஐயுற்று, சோதித்துத் தெளிந்த திருத்தூதர்களின் சாட்சியத்தை நம்புகிறோம். அப்பேறு நேற்றைய கூட்டத்தில் மேடையேறிய எவருடைய சொல்லுக்கும் உரியதாகிவிடாது. தனிப்பட்ட வெளிப்பாடுகள், திருச்சபையின் ஏற்பைப் பெற்றவையும்கூட, விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவையல்ல என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் தெளிவாகவே உரைக்கிறது.

ஏழைகளின் எளிய விசுவாசத்தைக் கலைக்கலாமா என்பர். ஏமாற்றத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள்? செல்வர் சாட்சி சொல்லிவிட்டு மருத்துவமனைக்கும் போய்வருகிறார். ஏழைத்தாய் ஊசியை நிறுத்திவிடுகிறாள். நம் ஏழைகள் சோதிக்கத் தெரியாதவர்களும் அல்லர். நாஞ்சில் நாட்டு உழவன் விதைநெல்லை நீரிலிட்டு, மிதக்கும் பதரை அகற்றிய பின்னரே வயலில் இறங்குகிறான். நம் மீனவன் காற்றின் போக்கையும் வானத்தின் நிறத்தையும் பாராமல் மரத்தைக் கடலில் தள்ளுவதில்லை. வயலிலும் கடலிலும் பயன்படும் அறிவை ஆலய வாசலில் செருப்போடு கழற்றி வைக்கவேண்டும் என்று யார் சொன்னது?

பகுத்தறிவு பேசும் நண்பர்களுக்கும் ஒரு சொல். சோதித்தபின் மறுப்பது உங்கள் உரிமை. சோதிக்காமலே எல்லாம் பித்தென்றும் பிழைப்பென்றும் நகைப்பது, மது மயக்கம் என்று பெந்தக்கோஸ்து நாளில் நகைத்தோர் செய்ததே. ஆராயாமல் நம்புகிறவனும் ஆராயாமல் மறுப்பவனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்.

திருச்சபை இன்றும் ஆராய்கிறது. லூர்து நகரில் 1858இல் காட்சி கண்ட பெர்னதெத்தை முதலில் நம்பாமல் கேள்விமேல் கேள்வி கேட்டவர் அவ்வூர்ப் பங்குத்தந்தையே. ஆயரின் தீர்ப்பு 1862இல்தான் வந்தது. குணம் பெற்றதாக அங்கே பதிவானவை 7000க்கும் மேல். புதுமை என ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 70. 2024 மே 17இல் உரோமை வெளியிட்ட புதிய நெறிமுறைகள், இத்தகைய நிகழ்வுகளை ஆராய ஆயர் அமைக்கும் குழுவில் ஓர் இறையியலாரும் ஒரு திருச்சபைச் சட்ட வல்லுநரும் நிகழ்வின் தன்மைக்கேற்ற ஒரு வல்லுநரும் இருக்கவேண்டும் என்கின்றன. நன்கு ஆராய்ந்தபின்னும், இது வானின்று வந்தது என்று அறிவிக்காமல், தடையில்லை என்ற அளவில் நிற்பதே பொது வழக்கு என்றும் அவை கூறுகின்றன. உரோமை நிற்கும் இடத்தைத் தாண்டி நாம் ஓடுவது எந்த ஆவியால்?

ஆதலின் நாம் கேட்பவை சிலவே. மேடையில் குணம் பற்றிய சாட்சி சொல்லப்படுமுன் மருத்துவரின் சோதனைத்தாள் கேட்கப்படட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் வாய், எவ்வளவு இனிமையாகச் செபித்தாலும், நம் பங்கின் எல்லைக்குள் ஒலிபெருக்கி பெறாதிருக்கட்டும். சுரூபத்தில் எண்ணெய் வடிந்தால் முதலில் பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் அறிவிப்போம். உண்டியல் வைப்பதை அதன்பின் எண்ணுவோம். அன்பியக் கூட்டத்தில் கேள்வி கேட்பவனுக்கு, வாசகம் வாசிப்பவனுக்கு உள்ள அதே மதிப்பு கிடைக்கட்டும்.

இறுதியாக, அந்த இளைஞன். அவன் சொன்னது, சோதித்துப் பார்ப்போம் என்ற ஒரே சொல். அது பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய சொல். அவன் இப்போது ஞாயிறுதோறும், பூசை மணி அடிக்கும் வேளையில், கடற்கரையில் தனியே அமர்ந்திருக்கிறான். அவனை அவிசுவாசி என்றழைத்தோர் முன்வரிசையில் முழந்தாளிட்டிருக்கின்றனர். எட்டு நாள் அல்ல, பல மாதங்கள் ஆகிவிட்டன. வீட்டினுள்ளே அவனுக்கு இடம் வைத்திருப்பார் எவருமில்லை. திரும்பி வா என்று அவனை அழைப்பதற்குமுன், அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் நாம். தழும்புகளைக் காட்டுவதற்கு ஆண்டவர் வெட்கப்படவில்லை. நம் காயங்களையும் பிழைகளையும் காட்டுவதற்கு நாம் ஏன் வெட்கப்படவேண்டும்?